ஜன்னல் ஓரத்தில் பதினொரு பேர்

அன்புமிக்க மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, என் முழங்கால் வலி மூவரும் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும், தங்கச்சியும், பிள்ளைகளும், புதிதாக வாங்கியிருக்கும் காரும் கர்த்தருடைய கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். போனில் நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ "சிம்பிள் அத்தான்" என்று சொல்லிவிடுவாய். அந்த இரண்டு வார்த்தையால்தான் இந்தக் கடிதமே எழுத நேர்ந்தது. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க அடுத்தவர் புகாரை வாங்கி வைத்தவன் நான். குழாயில் புழு வருகிறது என்று எழுதுகிறவர்கூட மேலே "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்றுதான் ஆரம்பிப்பார். அதே மரியாதையோடு நானும் ஆரம்பித்திருக்கிறேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

விஷயம் உனக்குப் பாதி தெரியும். நம் சபை சின்னது. மழை நாளில் இன்னும் சின்னது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தது. ஆள் வரத்து குறைந்துகொண்டே போகிறதாம், மேற்பார்வையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பாராம், வளர்ச்சி தெரியாவிட்டால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய ஆலயத்தோடு நம்மை இணைத்துவிடுவார்களாம். கடைசி வரியில், "தங்கள் சபைக்கு இணையதளம் உண்டா?" என்று ஒரு கேள்வி வேறு. பெரிய ஆலயத்தை நான் குறை சொல்லவில்லை. ஏ.சி. இருக்கிறது, திரை இருக்கிறது, மேளம் வாசிக்க வாலிபர் கூட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே உன் அக்காவுக்கு என்ன வேலை இருக்கிறது? இங்கே அந்தப் பழைய ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவள் நிற்கிற நிற்பு என்ன, முதல் அடியை எடுக்கிற எடுப்பு என்ன! கல்யாணத்துக்கு முந்தி வேறு ஜோலியாக அந்தத் தெருவில் நடந்து போனவன் நான். ஜன்னல் வழியாக அந்தக் குரல் காதில் விழுந்துதான் உள்ளே வந்தேன். கர்த்தர் அதற்கப்புறம்தான். இதைப் போதகரிடம் சொல்லித் தொலைக்காதே. உன் அக்கா பெரிய ஆலயத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உனக்குப் போன் போட்டேன். "சிம்பிள் அத்தான், அரை நாள் வேலை, இலவசமாவே போட்டுக்கலாம், நீங்களே பண்ணிடுவீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் நம்பிக்கைக்கு நன்றி. மறு ஞாயிறே ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நான், போதகர், இரும்புக் கடை வைத்திருக்கிற நம் பொருளாளர், பிறகு பெரிய வாத்தியார். பெரிய வாத்தியாரை உனக்கு ஞாபகம் இருக்கும். ரிட்டயர் ஆன பிறகும் கையில் சாக்பீஸ் பிடித்திருக்கிற பாவனையில்தான் பேசுவார். வெப்சைட் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனிக்காரர் வந்து தன் ரேட்டைச் சொன்னார். பொருளாளர் மெதுவாக எழுந்து போய் மின்விசிறியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கம்பெனிக்காரர் வியர்த்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

ஆகவே நானே களத்தில் இறங்கினேன். முதலில் முகவரி. நம் சபையின் பெயரை அடித்தால், அந்தப் பெயரில் உலகம் முழுக்கச் சபைகள் இருக்கின்றன, எல்லோரும் நமக்கு முந்தியே பிடித்து வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஏதாவது சேர்த்துக்கொள் என்றது கம்ப்யூட்டர். "எழுத்துக்கு இவ்வளவுன்னு காசு கேக்குமா?" என்றார் பொருளாளர். கேட்காது என்றேன். "அப்ப ஏன் கஞ்சத்தனம்? எல்லாத்தையும் போடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து கஞ்சத்தனம் கூடாது என்று கேட்ட அதிர்ச்சியில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பெரிய வாத்தியார் உடனே தெருப் பெயரைச் சேர்க்கச் சொன்னார். அப்புறம் "மாவு மில்லுக்குப் பின்னால்" என்பதையும் சேர்க்கச் சொன்னார், இல்லாவிட்டால் ஜனங்கள் தடுமாறுவார்களாம். அதைச் சுவரில் எழுத வந்த பெயின்டர் வாசல் பக்கம் ஆரம்பித்து, மூலை திரும்பி, பக்கவாட்டுச் சுவரில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் போய் முடித்தார். வெப்சைட் பார்க்க விரும்புகிறவர்கள் ஆலயத்தை அரைச் சுற்றுச் சுற்றி வர வேண்டும்.

அடுத்தது அச்சு, நீ டெம்ப்ளேட் என்கிறாயே அது. இலவசமாக விதவிதமான அச்சு வைத்திருக்கிறார்கள், ஒன்றைப் பிடித்து அதில் நம் படத்தையும் எழுத்தையும் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நீதானே சொன்னாய். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். ஒன்றில் மலை, ஒன்றில் கட்டுமஸ்தான ஆள் எடை தூக்குகிறான், ஒன்றில் நாய்க்குட்டி. அப்புறம் ஒன்று வந்தது. நீளமான மேசை, வெள்ளைத் துணி விரிப்பு, நடுவில் ரொட்டி, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு ஆட்கள், சாயங்கால வெளிச்சம். பெரிய வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். "நிறுத்துங்க! கடைசி இராப்போஜனம்! இதைவிடப் பொருத்தமா எங்க கிடைக்கும்?" என்றார். போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, "ஆமா, ரொம்ப சாந்தமா இருக்கு" என்றார். ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அது சாப்பாட்டு ஓட்டல்களுக்கென்று செய்த அச்சு என்பது, எல்லாப் படத்தையும் ஏற்றி முடித்து, தமிழில் வேண்டும் என்று ஒரு பட்டனை அழுத்தின பிறகுதான் தெரிந்தது.

என்னத்தைச் சொல்ல! போதகரின் படத்துக்கு மேலே "இன்றைய சிறப்பு" என்று இருக்கிறது. கீழே "சூடாகவும் சுவையாகவும்" என்று இருக்கிறது. அதை எடுக்கப் போனால், இலவசத் திட்டத்தில் தலைப்புகளை எடுக்க முடியாது, பணம் கட்டினால் எடுக்கலாம் என்கிறது. பொருளாளர் மின்விசிறிப் பக்கம் பார்த்தார். போதகர் நல்ல மனுஷன். "இருக்கட்டும், பிரசங்கம் ஆறிப் போகாம இருக்கணும்னு எனக்கும் ஒரு பொறுப்பு வரும்" என்றார். "வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும்" என்று இன்னொரு வரி. "அது நான் வீடு சந்திக்கப் போறதுதானே" என்றார். "குடும்பத்தோடு வாருங்கள், நிறைவோடு செல்லுங்கள்" என்ற வரியில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அடியில் மட்டும் சிவப்பாக ஒரு பட்டன், "மேசை பதிவு செய்ய இங்கே அழுத்தவும்" என்று. "யாரு அழுத்தப் போறா? கிடக்கட்டும்" என்றார் பொருளாளர். நானும் விட்டுவிட்டேன். புகார்ப் பிரிவில் "கிடக்கட்டும்" என்று விட்ட எந்தக் காகிதமும் பிற்பாடு சும்மா கிடந்ததில்லை என்பது எனக்கு மறந்துபோயிற்று.

ஆனால் அதற்கு முந்தியே வீட்டில் வெடித்தது. பாடகர் குழுவின் படத்தை நான் ஆசை ஆசையாக நடு மத்தியில் பெரிதாகப் போட்டிருந்தேன். மேலே என்ன தலைப்பு வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. "எங்கள் சமையல் குழு" என்று வந்திருக்கிறது. உன் அக்கா படத்துக்குக் கீழே "தலைமைச் சமையல்காரர்". அவள் போனை வாங்கிப் பார்த்தாள். தள்ளிப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். "வீட்லதான் காலம்பூரா அடுப்படியில நிக்கிறேன். கோயில்ல நான் பாடறவ. அதுகூட உங்க கண்ணுக்குத் தெரியலியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது. தட்டு வரும், சாப்பாடு வரும், வார்த்தை வராது. யாருக்காக இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தேனோ அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை, நிஜமாகச் சொல்கிறேன்.

இந்த நிலைமையில் மேற்பார்வையாளர் வரும் ஞாயிறு வருகிறேன் என்று தகவல் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மதியம் என் போனில் டிங் என்று சத்தம். திறந்து பார்த்தால், "வாழ்த்துகள்! உங்களுக்கு ஒரு முன்பதிவு வந்துள்ளது. ஆட்கள்: பதினொரு பேர். நாளை, பகல். விருப்பம்: ஜன்னல் ஓரம். விசேஷம்: பிறந்தநாள்" என்று இருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடவே இருந்த நம்பருக்குக் கூப்பிட்டு, ஐயா இது ஓட்டல் இல்லை, கோயில், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று போன் போட்டேன். எடுத்தது ஒரு சின்னப் பெண். "ஓட்டல் அங்கிளா? நாளைக்கு எனக்குத்தான் பர்த்டே. ஜன்னல் பக்கம் கிடைச்சிருச்சா?" என்று கேட்டது. நான் சொல்ல வந்ததை எல்லாம் விழுங்கிவிட்டு, "கிடைச்சிருச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார், அப்புறம் என்னைத் திட்டு.

உன் அக்கா முன்னால் போய் நின்றேன். போனை நீட்டினேன். படித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பதினொண்ணுல எத்தனை பேரு பெரியவங்க?" என்பதுதான். அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. "நம்ம கோயில் பேரைச் சொல்லி வரச் சொல்லிட்டு வெறும் இலையையா காட்ட முடியும்? போங்க, வாத்தியாரைக் கூப்பிடுங்க, அடுப்புக்கு ஆள் சொல்லுங்க" என்று முந்தானையைச் செருகினாள். "பாட்டு?" என்று கேட்டேன். "பாட்டும் உண்டு, சாப்பாடும் உண்டு. உங்க வெப்சைட்ல ரெண்டையும் சேத்துத்தானே போட்டு வச்சிருக்கீங்க" என்றாள். பாடகர் குழுப் பெண்கள் மூவரும் ஞாயிறு காலையிலேயே ஆலயத்துப் பின்கட்டில் கூடிவிட்டார்கள். காய் நறுக்கிக்கொண்டே இரண்டாவது சரணத்தை ஒத்திகை பார்த்தார்கள். பொருளாளர் கடையிலிருந்து புதுப் பாத்திரங்கள் கொண்டுவந்து இறக்கினார். "கீறல் விழாம திருப்பித் தரணும்" என்று ஒவ்வொரு பாத்திரத்திடமும் தனித்தனியாகச் சொன்னார். பெரிய வாத்தியார் பலூன் ஊதினார்.

மேற்பார்வையாளர் சரியான நேரத்துக்கு வந்தார். நெட்டையான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை, சிரித்தால் செலவாகிவிடும் என்கிற முகம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலைகளை எண்ணினார். எண்ணுவதற்கு அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மத்தியானம் வர வேண்டிய அந்தக் குடும்பம், இடம் போய்விடுமோ என்று பயந்து முதல் பாட்டுக்கே வந்துவிட்டது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு, சாப்பிடக் காத்திருக்கிறவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஜன்னல் ஓரத்துப் பெஞ்சும் அதற்கு முன் பெஞ்சும் காலியாக இருந்தன. பதினொரு பேரும் பூனை மாதிரி நடந்து போய், மேற்பார்வையாளருக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்கள். உன் அக்கா கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே வந்து பாட்டை எடுத்தாள். என்ன பாட்டு மாப்பிள்ளை! இதுதான் கடைசியோ என்று நினைத்துப் பாடினாளோ என்னவோ, உத்தரம் அதிர்ந்தது. பிறந்தநாள் குழந்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அப்பா, இங்க பாட்டெல்லாம் பாடுறாங்கப்பா! சூப்பர் ஓட்டல்" என்றது. அப்புறம் காணிக்கைப் பை வந்தது. குழந்தையின் அப்பா அதைப் பணிவாக ஒதுக்கி, "சாப்பிட்டப்புறம் தர்றேங்க" என்றார். மேற்பார்வையாளர் பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து வெகுநேரம் தேடினார்.

ஆராதனை முடிந்தது. மேற்பார்வையாளர் நேரே என்னிடம் வந்தார். "ஜன்னல் பக்கம் இருக்கிறவங்க புதுசா சேர்ந்தவங்களா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் பெரிய வாத்தியார் அதற்குள் தலையை ஆமாம் ஆமாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஆமாம் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஆர்மோனியத்துப் பக்கம் உன் அக்கா நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் பேசாமல் இருந்தவள், இப்போது பொய் சொன்னால் ஆயுசுக்கும் பேச மாட்டாள் என்று தோன்றியது. "இல்லீங்க ஐயா, சாப்பிட வந்தவங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெப்சைட்டைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். "சூடாகவும் சுவையாகவும்" வரைக்கும் படித்துவிட்டுப் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். முகத்திலிருந்து ஒன்றும் புரியவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற குழந்தையின் அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. டைல்ஸ் பதிக்கிற வேலையாம் அவருக்கு. "ஐயோ, கோயிலுங்களா? பக்கத்துல ஏதாவது ஓட்டல் இருக்கான்னு மாவு மில் பேரைப் போட்டுத் தேடினேன், இதுதான் மொதல்ல வந்துச்சு. சாமி பேரு இருந்துச்சு, ஆனா ஓட்டலுக்கும் வைக்கிறாங்கல்ல. சிலுவையைப் பார்த்தேன், கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துறாங்கன்னு நெனச்சேன்" என்று தடுமாறி, "வாங்க போயிடலாம்" என்று பெஞ்சிலிருந்து எல்லோரையும் கிளப்பினார். உன் அக்கா குறுக்கே வந்து நின்றாள். "புக் பண்ணிட்டுச் சாப்பிடாம போனா நாங்க என்ன நினைக்கிறது? உட்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். அவளிடம் வேறு யார்தான் என்ன செய்ய முடியும்? ஜன்னல் ஓரமாக மேசை போட்டோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் தன் போக்கில் சொன்னார், "நாங்க மில்லுக்கு அந்தப் பக்க லைன் வீட்லதான் இருக்கோம். குடிவந்து ரொம்ப நாளாச்சு. ஞாயித்துக்கிழமை பாட்டுச் சத்தம் லேசா கேக்கும். வந்து பாக்கலாம்னு தோணும். யாரும் கூப்பிடலியேன்னு இருந்துட்டோம்." பொருளாளர் எழுந்து போய் மின்விசிறியை வேகமாக வைத்தார். ஜன்னல் வழியாகப் பாட்டுக் கேட்டு உள்ளே வந்தவன் நான், எனக்குக்கூட அந்த லைன் வீட்டுப் பக்கம் போய் ஒரு கதவைத் தட்டத் தோன்றவில்லையே.

மேற்பார்வையாளரும் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் போகும்போது, "இணைப்பு பத்தி யோசிச்சுச் சொல்றேன். முதல்ல அந்த வெப்சைட்டைச் சரி பண்ணுங்க. கோயில்னு தெரிய வேண்டாமா?" என்றார். அவர் சிரித்தாரா, பல்லில் ஏதும் சிக்கிக்கொண்டதா என்று எங்கள் கமிட்டியில் இன்னமும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஆகையால் மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கண்டவுடன் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, நீ ஆரம்பித்துவைத்ததை நீயே முடித்துக் கொடுக்கவும். உன் கையிலிருந்து பணம் கட்டியாவது அந்தச் சிவப்புப் பட்டனை அடியோடு எடுத்துவிடு. "இன்றைய சிறப்பு" எடு. "சமையல் குழு" எடு. இராப்போஜனப் படத்தை எடுத்துவிட்டு நம் ஆலயத்து முகப்பைப் போடு. முகவரியைப் பாதியாகக் குறை, முக்கியமாக மாவு மில் வேண்டவே வேண்டாம். உன் அக்கா இனி அந்த ஆர்மோனியத்துப் பக்கத்தில் நிற்பதும் நிற்காததும் உன் கையில்தான் இருக்கிறது. அரை நாள் வேலைதானே, சிம்பிள்தானே? அதையும் நான் பார்க்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளின் தலையில் கை வைத்து நான் ஆசீர்வதித்ததாகச் சொல்லி நீ ஒரு தடவை கை வைத்துவிடு. கர்த்தர் உன் வேலையையும், உன் முதுகையும், புதுக் காரின் நான்கு சக்கரங்களையும் காப்பாராக. அக்கா உன்னை மிகவும் விசாரித்தாள், திட்டவும் செய்தாள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போனில் மறுபடியும் டிங் என்றது. பார்த்தால் முன்பதிவு. "ஆட்கள்: நான்கு பேர். வரும் ஞாயிறு. விருப்பம்: ஜன்னல் ஓரம். விசேஷம்: இணைப்பு இல்லை என்று எழுதி அனுப்பியாகிவிட்டது. குடும்பத்தோடு வருகிறேன். அந்த அம்மாவைப் பாடச் சொல்லவும்." மேற்பார்வையாளரேதான். உன் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் படித்துவிட்டு முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஆகவே மேலே எழுதியிருக்கிற எதையும் நீ செய்ய வேண்டாம். பட்டன் மேல் கை வைத்தால் நம் உறவு அவ்வளவுதான். மாவு மில் கண்டிப்பாக இருக்கட்டும். சமையல் குழு என்று போட்டதுகூட இருக்கலாமாம், ஆனால் அந்தப் புடவை நன்றாக இல்லை, வேறு படம் அனுப்புகிறேன் என்கிறாள் உன் அக்கா. ஒரே ஒரு சிக்கல். ஜன்னல் ஓரத்தை டைல்ஸ்காரர் வீட்டுக் குழந்தை நேற்றே பிடித்து வைத்துவிட்டதை இப்போதுதான் கவனித்தேன். பதினொரு பேர், விசேஷம் என்ற இடத்தில் "சும்மா" என்று போட்டிருக்கிறது. எனவே மேற்பார்வையாளருக்குத் தூண் மறைவுதான்.